உள்ளான் காலில் போட்ட முடிச்சு

கல்யாணத்துக்கு முன்னால் ஆண்பிள்ளை செய்யக்கூடாத காரியங்களை எங்கள் ஊரில் எனக்கு ஒழுங்காகத்தான் சொல்லி வைத்தார்கள். சாராயக்கடைப் பக்கம் போகாதே. சீட்டாடாதே. பெண் வீட்டுத் தெருவில் தனியாகச் சுற்றாதே. குருவியின் காலில் நூல் கட்டாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு இருந்திருக்காது.

நான் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்து அதைவிடக் குறைவு. ஆனால் என் வீட்டுக்காரி அஞ்சலை இந்தக் கதையைச் சொல்லும்போது என்னை இன்னும் பெரிய முட்டாளாக்கிச் சொல்கிறாள். அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

எங்கள் ஊர் விழுப்புரத்துக்கு மேற்கே, காணை பக்கம். ஒரு ஏரி உண்டு. ஏரிக்குக் கீழே நெல்லும் கரும்பும். அதில் ஒரு வரப்புக்கூட எங்களுடையது இல்லை. நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போவோம். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை முடிந்தால் எனக்கு விழுப்புரம் மண்டியில் மூட்டை தைக்கிற வேலை. வேலை இல்லாத நாளில் ஏரியோரம் கண்ணி வைத்து உள்ளான் பிடிப்பேன்.

உள்ளானைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது. முதுகு சேற்று நிறம், அதில் சுண்ணாம்பு தெளித்த மாதிரிப் புள்ளிகள். நீளக் கால், நீள மூக்கு. சேற்றிலும் நாற்றங்காலிலும் நடந்து நடந்து, மூக்கை விட்டு எதையோ தேடிக்கொண்டே இருக்கும். நின்றாலும் பின்பக்கம் ஆடுவது நிற்காது. ஆள் தலை தெரிந்தால் முதலில் கத்துவது அதுதான். ஒன்று கத்தினால் மொத்தமும் கிளம்பிவிடும். (அவ்வளவு சந்தேகப் புத்தி. எங்கள் ஊர் அதற்குப் பிடித்துப்போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.) மரக்காணத்து உப்பளப் பக்கம் அது அதிகம் போகாது. நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஏரி, குட்டை, வயல், அவ்வளவுதான்.

ஆவணி கடைசியில் இரண்டு மூன்று வரும். புரட்டாசியில் கூட்டமாக வரும். மார்கழி, தையில் ஏரியோரம் முழுக்க அதுதான். பங்குனியில் நன்றாகக் கொழுத்துவிடும். கறிக்கு நல்ல பதம் அப்போதுதான். அது காணாமல் போவதும் அப்போதுதான். நேற்று இருந்தது, இன்று இல்லை. சித்திரையில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

எங்கே போகிறது? ஊரில் ஆளுக்கொரு பேச்சு. தவளை மாதிரி சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பார்கள் சிலர். என் நைனாவின் கட்சி வேறு.

"திண்டிவனத்துக்காரன் புடிச்சிக்கினு பூடறான்டா."

ஏன் திண்டிவனம்? பங்குனியில் அவை வடக்குப் பார்த்துப் பறந்ததை அவர் ஒரு நாள் சாயங்காலம் கண்ணால் பார்த்திருந்தார். விழுப்புரத்துக்கு வடக்கே திண்டிவனம். அந்தப் பக்கத்து ஏரிகளில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று கேள்வி. பிறகென்ன? (திண்டிவனத்துக்கு வடக்கேயும் ஊர்கள் உண்டே என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ரயிலில் அவர் போயிருந்த கடைசி ஊர் அதுதான்.)

நைனா செத்துப்போனார். அவர் எனக்கு விட்டுப்போனது ஒரு கண்ணிக்கட்டும் இந்தச் சந்தேகமும்தான். இரண்டையும் பத்திரமாக வைத்திருந்தேன்.

இந்த நிலைமையில் எனக்குப் பெண் பார்த்தது எங்கே என்று கேளுங்கள். திண்டிவனத்தில். என் அக்காவை அந்தப் பக்கம் கொடுத்திருந்தது. அவளுக்குப் பக்கத்து ஊர்ப் பெண் அஞ்சலை. திருவிழாவில் தூரத்திலிருந்து பார்த்தேன். பிடித்துவிட்டது. அம்மாவிடம் "சரி" என்றேன். அந்த வருஷத்தில் நான் பேசிய முக்கியமான பேச்சு அது.

தை மாதத்தில் எங்கள் வீட்டைப் பார்க்க அஞ்சலையின் அப்பாவும் தாய்மாமனும் வந்தார்கள். அப்பா சாது. தாய்மாமன் ஏழுமலை அப்படி இல்லை. உட்காருவதற்கு முன்னால் பாயைத் திருப்பிப் பார்த்தார். தண்ணீர்ச் செம்பை முகர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து வெகு நேரம் பார்த்தார். (மேலே ஒன்றும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகம்.)

அம்மா உள்ளான் குழம்பு வைத்திருந்தாள். கேப்பைக் களியும் அதுவும். மாமா சாப்பிட்டார். எலும்பைக் கடித்து, வெளியே எடுத்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார்.

"இது எந்த ஏரி குருவி?"

"எங்க ஏரிதாண்ணே," என்றாள் அம்மா.

"இல்லியே. எங்க ஏரியில இதே குருவிதான் மேயுது. வெயில் காலம் வந்தா ஒண்ணையும் காணோம். எங்கடா பூடுதுன்னு எங்க ஊரே தலைய பிச்சிக்கினு கீது. இப்பத்தான தெரியுது, விழுப்புரத்துக்காரன் சட்டியில கொதிக்குதுன்னு."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்க வேண்டும். வழக்கமாக அதைத்தானே செய்கிறேன்.

"எங்க ஏரியிலயும் வெயில்ல காணாப் பூடுது மாமா. நீங்கதான் புடிச்சி வச்சிக்கிறீங்க."

மாமா களியை உருட்டுவதை நிறுத்தினார்.

"இன்னாது?"

"எங்க நைனா சொல்லியிருக்காரு."

"உங்க நைனா எங்க ஊர்ல வந்து பாத்தாரா?"

"பாக்கல. ஆனா தெரியும்."

மாமா அஞ்சலையின் அப்பாவைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா மச்சான்? பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடியே நம்பளத் திருடன்றான். குடுத்தப்புறம் இன்னா சொல்லுவான்?"

"குருவிக்குப் போயி சண்டையா மச்சான்? கையக் கழுவு," என்றார் அந்தச் சாது.

"கையக் கழுவறேன். பேச்சையும் கழுவறேன். இந்தப் பையன் மொதல்ல எங்க ஊர்ல வெயில் காலத்துல உள்ளான் இருக்கறத காட்டட்டும். அப்புறம் கண்ணாலப் பேச்ச எடுப்போம்."

எழுந்து போய்விட்டார்கள். அம்மா எழுந்து சட்டியைத் தூக்கினாள். மிச்சக் குழம்பை எனக்கு ஊற்றாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அதுவே போதும்.

அஞ்சலை எனக்கு வேண்டும். அதற்குத் திண்டிவனத்தான் திருடன் என்று நிரூபிக்க வேண்டும். அப்போது இது எனக்கு நியாயமாகவே பட்டது. பெண் வீட்டாரைத் திருடர் என்று நிரூபித்தால் பெண் கொடுப்பார்கள் என்று நம்பிய மாப்பிள்ளை இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தையில் வாங்கின கோழி பக்கத்து வீட்டுக் கோழியோடு கலந்துவிடாமல் இருக்கக் காலில் துணி கட்டுவோம். அதே மாதிரி எங்கள் ஏரி உள்ளானுக்கு அடையாளம் கட்டிவிட்டால்? கோடையில் திண்டிவனம் போய்க் காலைப் பார்த்தால் போதும். தப்ப முடியாது.

மாசிக் கடைசியில் ஆரம்பித்தேன். விடிகாலையில் கண்ணி வைத்து, மாட்டினதைக் கறிக்கு எடுக்காமல் காலில் நூல் கட்டிப் பறக்க விட்டேன். (அம்மா, "இன்னிக்கும் ஒண்ணும் மாட்டலியா?" என்று கேட்பாள். தலையை ஆட்டுவேன்.) வெள்ளை நூல் சேற்றில் தெரியாது. கறுப்பு நூல் காலோடு காலாகப் போய்விடும். வீட்டில் மஞ்சள் நூல் ஒரு சிட்டம் இருந்தது. அம்மா கல்யாணத்துக்கு என்று விழுப்புரத்தில் வாங்கி மஞ்சளில் நனைத்துக் காயவைத்தது. பானைக்குப் பின்னால் இருந்தது. கொஞ்சம் அறுத்துக்கொண்டேன். மஞ்சள் நூலை எதற்குக் கட்டுவார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை. (கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவன் நான்.)

முடிச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். மண்டியில் ஒவ்வொருவனுக்கும் ஒரு முடிச்சு. மூட்டை வாய் பிரிந்து மல்லாட்டை கொட்டினால் எவன் தைத்தது என்று பார்த்துக் கூலியில் கை வைப்பார்கள். என்னுடையது ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. ஒரு முடிச்சை நம்புகிற பழக்கம் எனக்கு இல்லை. குருவிக்கும் கை அதையே போட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திண்டிவனத்துக்குச் சேதி போய்விடும். அறுத்துப் போட்டுவிடுவார்கள்.

பங்குனி வந்தது. குருவிகள் போயின. என் நூலோடு போயின.

அது யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறித் தெற்கே வந்துகொண்டிருந்தார்கள். அந்தச் சித்திரையில் விழுப்புரம் ஸ்டேஷனில் கால் வைக்க இடம் இல்லை. எல்லோரும் இறங்கினார்கள். ஏறினது நான்.

"இன்னாய்யா, ஊரே இந்தப் பக்கம் ஓடியாருது, நீ அந்தப் பக்கம் போற?" என்று ஒரு போர்ட்டர் கேட்டான்.

"ஒரு குருவியப் பாக்கணும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தள்ளி நின்றுகொண்டான்.

அஞ்சலையின் ஊர் ஏரிக்கு மத்தியானத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். தண்ணீர் இருந்தது. கொக்கு இருந்தது. நாரை இருந்தது. ஆறு எருமைகள் இருந்தன. உள்ளான் இல்லை. ஏரியைச் சுற்றி நடந்தேன். ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் புத்தி உள்ளவன் என்ன நினைப்பான்? இங்கேயும் இல்லை போலிருக்கிறது என்று நினைப்பான். நான் நினைத்தது, எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

ஊருக்குள் போனேன். தெருவாகப் போகவில்லை. கொல்லைப்புறமாகப் போனேன். கவிழ்த்த கூடைகளைத் தூக்கிப் பார்த்தேன். வைக்கோல் போருக்குள் கை விட்டேன். ஒரு வீட்டில் அடுப்பில் சட்டி கொதித்தது. சுவருக்கு வெளியே நின்று முகர்ந்தேன். கருவாடு. அடுத்த வீட்டில் பெரிய கோழிக்கூண்டு ஒன்று, மண்ணால் கட்டினது. உள்ளே இருட்டு. ஏதோ அசைந்தது. தலையை உள்ளே விட்டேன்.

தலை போனது. திரும்பி வரவில்லை.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

"முட்ட வேணும்னா கேட்டா குடுக்க மாட்டமா மாப்ள?"

ஏழுமலை மாமா. அது அவருடைய வீடு. (இத்தனை வீடு இருக்க.)

"மாமா, நான்தான்," என்றேன். கூண்டுக்குள்ளிருந்து எனக்கே காது அடைத்தது.

"தெரியுது. இந்தப் பக்கத்த வச்சே அடையாளம் தெரியுது. இன்னா தேடற?"

"உள்ளான்."

"நம்பிட்டேன். பொண்ணப் பாக்க வந்துட்டு, மாட்டிக்கினு, உள்ளான்றான். டேய், பொண்ணு கோழிக்கூண்டுல இல்லடா!"

அதற்குள் ஊர் கூடிவிட்டது. நான் பார்க்க முடியாததால் எத்தனை பேர் என்று தெரியவில்லை. பேச்சு கேட்டது. போலீஸ்காரன் அனுப்பின ஆள் என்றான் ஒருவன். ஏரியில் மீன் திருட வந்தவன் என்றான் இன்னொருவன். ஜப்பான்காரனுக்கு வேவு பார்க்கிறவனாக இருக்கும் என்றது ஒரு கிழவர் குரல். "ஜப்பான்காரனுக்கு எங்க கோழிக்கூண்டுல இன்னா வேல?" என்று மாமாவே கேட்டார். நடுவில் ஒரு பெண் சிரிக்கிற சத்தம். அடக்கி அடக்கிச் சிரித்தது. அது அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. என்னை அவள் முதலில் கிட்டத்தில் பார்த்தது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

கூண்டின் வாயை இடித்து என்னை எடுத்தார்கள். தலையில் கோழி எச்சம். மாமா என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"ஏரியப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கூண்டு பாத்தியா?"

"பாத்தேன்."

"உள்ளான் கீதா?"

"இல்ல."

"அப்ப உங்க ஊர்லதான் கீது. நான் வந்து பாக்கறேன்."

வந்தார். எங்கள் வீட்டுக் கேப்பைக் குதிருக்குள் தோள் வரை கை விட்டார். பரண்மேல் ஏறினார். ஏரியைச் சுற்றினார். ஒன்றும் இல்லை. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் வெகு நேரம் யோசித்தோம்.

"எங்களாண்டயும் இல்ல," என்றார்.

"எங்களாண்டயும் இல்ல," என்றேன்.

"அப்ப கண்டாச்சிபுரத்துக்காரன்."

"அவன்தான் மாமா."

அதோடு சமாதானம். இரண்டு ஊரும் சேர்ந்து மூன்றாவது ஊரைச் சந்தேகப்பட்டதில் எங்களுக்குள் உறவு கெட்டியானது. ஐப்பசியில் கல்யாணம் என்று வெற்றிலை மாற்றிக்கொண்டோம். நூல் கட்டினதை நான் மறந்தேபோனேன்.

ஆவணி போய்ப் புரட்டாசி வந்தது. உள்ளானும் வந்தது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் அக்கா அழுதுகொண்டே வந்தாள்.

"கண்ணாலம் நின்னுப் போச்சுடா. எவனோ செய்வினை வச்சிட்டான். பூசாரி உட்கார்ந்துகினு கீறாரு. அம்மாவக் கூட்டிக்கினு கெளம்பு."

போனோம். அஞ்சலை வீட்டு வாசலில் ஊரே நின்றது. நடுவில் ஒரு கவிழ்த்த கூடை. பக்கத்தில் பூசாரி, உடுக்கை, எலுமிச்சம்பழம். ஏழுமலை மாமாவின் முகம் வெளுத்திருந்தது.

"கண்ணியில மாட்டுச்சு மாப்ள. நானே புடிச்சேன். கால்ல பாரு," என்று கூடையைக் கொஞ்சம் தூக்கிக் குருவியை வெளியே எடுத்தார்.

உள்ளான். காலில் அழுக்கு நூல். நைந்து வெளுத்துப்போயிருந்தது. முடிச்சின் மடிப்புக்குள் மட்டும் மஞ்சள் தெரிந்தது.

"மஞ்சக் கயிறு. மூணு முடிச்சு," என்றார் பூசாரி. "பொண்ணு கழுத்துக்குப் போக வேண்டியத எவனோ குருவி கால்ல ஏத்திட்டான். இப்பக் கண்ணாலம் பண்ணா, குருவி பறக்கற மாதிரி மாப்ள உசுரு பறந்து பூடும். இந்த வருஷம் வாணாம்."

அம்மா ஓவென்று அழுதாள். அஞ்சலையின் அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டார். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் வைத்தது? போன வருஷம் பெண் கேட்டுக் கிடைக்காதவனா? வரப்புத் தகராறு பண்ணினவனா? பக்கத்தில் நின்றவர்கள் ஒரு அடி தள்ளி நின்றார்கள்.

நான் குருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சு, வலது பக்கம் இழுத்து முடித்தது.

என் முடிச்சு.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நைனா சொன்னது சரி! எங்கள் ஏரிக் குருவி திண்டிவனத்தில் இருக்கிறது! ஊரார் முன்னால், மாமாவின் கையிலேயே இருக்கிறது! கல்யாணம் நின்றுபோனது, அம்மா அழுதது, பூசாரி, உடுக்கை, ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா மாமா! நான்தான் கட்டினேன்! என் முடிச்சு இது! எங்க ஏரி குருவிதான்! நான் அப்பவே சொல்லல?"

நான் அவ்வளவு பேசி அந்த ஊர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

உடுக்கை நின்றது.

"நீ கட்டினியா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"மஞ்சக் கயித்த?"

"ஆமா."

"மூணு முடிச்சு போட்டு?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் பதில் ஏற்கெனவே வாயில் வந்துவிட்டது.

"ஆமா."

அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என் முதுகில் ஒன்று வைத்தாள். "கண்ணாலத்துக்கு வாங்கின நூல்டா அது, பாவி! எலி இழுத்துக்கினு பூடுச்சின்னு இருந்தேன்!"

பூசாரி உடனே பேச்சை மாற்றிக்கொண்டார். அவருக்கு அனுபவம் உண்டு. "செய்வினை இல்ல. அதவிடப் பேஜாரு. இவன் ஏற்கெனவே கண்ணாலம் ஆனவன். தோஷத்துக்கு வாழ மரத்துக்குத் தாலி கட்டினா, மரத்த வெட்டிட்டுத்தான் பொண்ணு கழுத்துல கட்டுவாங்க. இதயும் அறுத்தாத்தான் ஆச்சு."

"அறுத்துடலாம். இது ஒண்ணுதானே?" என்றார் அஞ்சலையின் அப்பா.

நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணுதானே மாப்ள?"

"இல்ல. இன்னும் கீது."

"எத்தினி?"

"தெர்ல. பத்தோ, பதினஞ்சோ."

பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி வாயில் அடித்துக்கொண்டாள். மாமா அஞ்சலையின் அப்பாவிடம் திரும்பினார். "எத்தினி பேருக்குக் கட்டினோம்னே தெரியாதவனுக்கா மச்சான் பொண்ணு குடுக்கறது?"

"எல்லாத்தையும் புடிச்சிக்கினு வந்து அறுக்கட்டும்," என்றார் பூசாரி. "அதுக்கப்புறம் முகூர்த்தம்."

ஜல்தியாக ஏரிக்குப் போனோம். நான், மாமா, பூசாரி, ஊர், பின்னால் பெண்கள். கரைமேல் வரிசையாக நின்றோம். ஏரியோரம் முழுக்க உள்ளான். நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாம் எங்களுக்குப் பின்பக்கத்தைக் காட்டி ஆட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன. ஒன்றின் காலும் தெரியவில்லை.

"எதுடா உன்னுது?" என்றார் மாமா.

ஒரு ஊரே குனிந்து குருவியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்டேன். யாரோ தும்மினார்கள். ஒரு உள்ளான் கத்தியது. மொத்தமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே போய்விட்டது.

"உங்க ஊருக்குத்தான் போகுது," என்றார் மாமா. "மாமியார் வூட்டுக்கு."

முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்த ஜென்மத்தில் அஞ்சலை இல்லை. கரையில் உட்கார்ந்துவிட்டேன். பூசாரி எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொண்டார். அஞ்சலையின் அப்பா அக்காவிடம், "வேற எடம் பாத்துக்கங்கம்மா," என்று மெதுவாகச் சொன்னார்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை அதுவரை நான் சிரிப்பாகத்தான் கேட்டிருந்தேன்.

"மூணு முடிச்சும் அவரே போட்டாரா, கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். அஞ்சலை. தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். ஆனால் கேட்டாள்.

"இன்னா அஞ்சல?" என்றார் மாமா.

"மாப்ள ஒரு முடிச்சுதானே போடுவாங்க? மீதி ரெண்டும் நாத்தனார்தானே போடணும்? அண்ணி, நீங்க போட்டீங்களா?"

அக்கா திடுக்கிட்டாள். "அய்ய! நான் ஏம்மா குருவிக்குப் போடறேன்? எனக்கு வேற வேல இல்ல? சத்தியமா நான் ஒரு குருவியையும் தொடல!"

"அப்ப மூணும் இவரே போட்டுக்கினது," என்றாள் அஞ்சலை. "நாத்தனார் போடலன்னா அது தாலி இல்ல. மூட்டக் கட்டு."

எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். நாத்தனார் முடிச்சு இல்லாத தாலியை எங்கள் பக்கத்தில் யாரும் தாலி என்று சொல்ல மாட்டார்கள். அவருக்கும் அது தெரியும்.

"நாயம்தான்," என்றார் கடைசியில். "மூட்டக் கட்டுதான்." எலுமிச்சம்பழத்தைத் திரும்ப எடுத்து என் கையில் வைத்தார். அதற்குரிய தட்சணையைக் கேட்க மறக்கவில்லை.

மாமாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. வீட்டுக்கு வந்து கூடையிலிருந்த குருவியை எடுத்து, முடிச்சை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். அஞ்சலை கதிர் அரிவாளை எடுத்து வந்து நூலை அறுத்தாள். குருவி போனது. என்னைப் பார்க்கவேயில்லை. இரண்டு பேரும்தான்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. நான் தாலியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். உடனே என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஏழுமலை மாமா. "போதும் மாப்ள. நிறுத்து," என்றார் பந்தல் முழுக்கக் கேட்கும்படி. அக்கா வந்து மீதி இரண்டையும் போட்டாள். அவை முடிகிற வரைக்கும் அவர் என் கையை விடவில்லை.

அஞ்சலை அதை மூட்டைக் கட்டு என்று சொன்னது கரையோடு சரி. வீட்டுக்கு வந்த பிறகு வேறு பேச்சு. புரட்டாசியில் ஏரியில் முதல் கூட்டம் இறங்கினால், "உங்க மூத்தவங்க வந்துட்டாங்க, போயி பாத்துட்டு வாங்க," என்பாள். பங்குனியில், "பூட்டாங்க. இனிமே வீட்ல தங்குவீங்க," என்பாள். எங்கள் வீட்டுச் சட்டியில் அதற்குப் பிறகு உள்ளான் வேகவில்லை. சக்களத்தியைக் குழம்பு வைக்க முடியாதாம். பிள்ளைகளுக்கு அதன் பேர் உள்ளான் என்றே தெரியாது. "பெரியம்மா" என்றுதான் சொல்வார்கள். என் மூத்த பையன் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லி அடி வாங்கியிருக்கிறான்.

சின்ன மகள் டீச்சர் வேலைக்குப் படித்தாள். ஒரு விடுமுறையில் வந்தவள் சாப்பிடும்போது சொன்னாள்:

"நைனா, பெரியம்மாங்க எல்லாம் எங்க போறாங்கன்னு தெரிஞ்சிட்டுது. திண்டிவனமும் இல்ல, கண்டாச்சிபுரமும் இல்ல. இமயமலைக்கு அந்தாண்ட, பனி கொட்டற தேசமாம். அங்கதான் கூடு கட்டி, முட்ட போட்டு, குஞ்சு பொரிச்சி, குளுரு வந்ததும் இங்க வருதாம்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன். அவ்வளவு தூரமா? என் நூலையும் கட்டிக்கொண்டா?

அஞ்சலை கரண்டியோடு திரும்பினாள்.

"முட்ட, குஞ்சு எல்லாம் அங்கயா?"

"ஆமாம்மா."

"அப்ப அங்க ஒருத்தன் கீறான்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு அஞ்சலை என் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். கேட்காமலே ஊற்றினாள். "உடுங்க, மனசுல வச்சிக்காதீங்க," என்றாள்.

நான் மறுபடி சோற்றைப் பிசைந்தேன். சாப்பிட்டேன்.